பிளாஸ்டிக்குக்குள் போன நாடகக் கையேடு

வேண்டாம் என்று எழுதி அனுப்பாவிட்டால் நாடகம் வீடு தேடி வந்துவிடும். எங்கள் நகரத்து வில்லரே வட்டாரத்தில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்பனை நடந்தது. ஒரு கையில் கழற்றிய கையுறையும் மறுகையில் ஒரு தடித்த அட்டைப் புத்தகமுமாக நின்றபோதுதான் இது எனக்குத் தெரியவந்தது. புத்தகம் ஓர் இசைநாடகத்தின் முழுப் பிரதி: வசனம், பாட்டு, நடுவில் கறுப்பு வெள்ளையில் மேடைப் படங்கள். பின்னட்டையோடு ஒட்டினாற்போல் ஒரு சிறிய அட்டை செருகிக் கிடந்தது. மாதம் ஒரு நாடகம் அனுப்பும் தபால்வழிப் புத்தகக் கழகம் ஒன்றின் அட்டை அது. அந்த மாதத்து நாடகம் தேவையில்லை என்றால் அங்கத்தவர் அதில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் சம்மதம் என்று கொள்வார்கள். புத்தகம் வந்துவிடும்.

அட்டையில் புள்ளடி இல்லை. ஆரோ ஒருவர் பேசாமல் இருந்ததால் வந்து சேர்ந்த நாடகம்.

அந்த நொடியில்தான் யோசனை பிடித்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குவதை விட்டுவிட்டு, ஒரே ஆளுக்கு வந்த நாடகங்கள் எல்லாவற்றையும், ஒரு வீட்டின் முழு அலுமாரியையும் தேடிப் பிடித்தால் என்ன? விலைமதிப்புள்ள முதற்பதிப்புகள் எனக்கு வேண்டாம். கழகப் பதிப்புகளைச் சேகரிப்பவர்கள் மதிப்பதில்லை. மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சடித்திருக்காது, தாள் மட்டம், பின்னட்டையின் கீழ்மூலையில் ஊசிமுனைப் பள்ளம்போல ஒரு அடையாளம் இருக்கும். நான் அந்தப் பள்ளத்தை விரலாலேயே கண்டுபிடிப்பேன். ஆனால் ஒருவருக்கு மாதாமாதம் வந்தவை அப்படியே ஒன்றாக இருந்தால், அது அந்த ஆளின் மாலைநேரங்கள் அல்லவா?

அந்த இலையுதிர் காலத்தில் நான் முதுகலைப் படிப்பை விட்டிருந்தேன். சண்டை இல்லை, தோல்வி இல்லை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அடுத்த திங்களும் போகவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல்களைத் திறக்கவில்லை. நானும் புள்ளடி போட்டு அனுப்பாத ஆள்தான் என்று அந்த நிலவறையில் நினைத்துக்கொண்டேன். நினைப்பில் துக்கம் ஒன்றும் இருக்கவில்லை. பனியில் கையுறை இல்லாமல் நெடுநேரம் நின்றால் விரல் இருக்கிறது, ஆனால் விரல் என்று தெரியாதே, அப்படித்தான் இருந்தேன். மருந்துக்கடையில் பகுதிநேர வேலை. வீட்டில் அறைநிறைய நாடகச் சாமான்கள்.

எல்லாம் தொடங்கியது சிஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், படிக்கும்போது. கல்லூரி இசைநாடகம் ஒன்றுக்கு விளக்குப் பிடிக்கப் போனேன். மேடையில் பாடியவர்களைவிட, வாசலில் கொடுக்கும் நாடகக் கையேடுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. யார் எந்தப் பாத்திரம், எந்த அங்கத்தில் எந்தப் பாட்டு, யார் தையல், யார் திரை. ஒரு மாலை முழுவதும் நாலு தாளில். பிறகு பழைய கையேடுகள், இசைத்தட்டுகளின் உறைகள், கிழித்த டிக்கெட் துண்டுகள். இசைத்தட்டுப் போடும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. பெரிய மேடையில் ஒரு இசைநாடகத்தை நான் பார்த்ததும் இல்லை. அம்மா இதை வைத்தே என்னைக் கொட்டுவா.

"சாப்பிடாமலே மெனுக் கார்ட் சேர்க்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்."

அம்மா ஒரு கார்டறியில், பிரெஞ்சுக் குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறா. பகலெல்லாம் பிரெஞ்சில் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் ஏசுவா.

நான் தேடிய அலுமாரி கர்க்லாண்ட் என்ற புறநகரில் இருந்தது. இணையத்தில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார்: காலமான அம்மாவின் நாடகப் புத்தகங்கள், பல பெட்டிகள், பிரிக்காமல் முழுவதுமாக எடுப்பவர்களுக்கு மட்டும். உடனே அழைத்தேன். எடுத்தவர் எழுபது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி, ஆங்கிலத்தில் மெதுவாகக் கதைத்தார். தன் அம்மா திருமணத்துக்கு முன் பாடகி என்றார். ஒரே ஒரு முறை, நகரத்துக்கு வந்த ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் குழு ஒன்றின் இசைநாடகத்தில், பின்வரிசைக் குழுப்பாட்டில் நின்றவராம். பிறகு கல்யாணம், புறநகர் வீடு, பிள்ளைகள். மேடைக்குப் போக முடியாதவருக்கு மேடை தபாலில் வந்தது.

அந்த நாடகத்தின் பெயரையும் அம்மாவின் திருமணத்துக்கு முந்திய பெயரையும் கேட்டேன். சொன்னார். நான் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பெட்டியைக் கிளறி அந்த நாடகத்தின் கையேட்டை எடுத்தேன். அதே நிலவறை விற்பனையில், அதே மேசையில், ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து வாங்கிய கையேடு அது. உரோம அங்கிகளுக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரம், துருப்பிடித்த கம்பிகள், மஞ்சளாகி ஓரம் உதிரும் தாள். குழுப்பாட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவருடைய அம்மாவின் கன்னிப்பெயர் கடைசி வரியில் இருந்தது.

அவர் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

"அம்மா தன்னுடைய பிரதியை வீடு மாறும்போது தொலைத்துவிட்டார்," என்றார் பிறகு. "சாகும்வரை அதைப் பற்றியே கதை. நான் அந்தப் பெயரில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

அப்படித்தான் பேச்சு முடிந்தது. கையேடு அவருக்கு, அலுமாரி முழுவதும் எனக்கு. பனி உருகி வீதி காய்ந்ததும் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். தொலைபேசியை வைத்தபின், நான் துள்ளியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். தேநீர் போட்டுக் குடித்தேன்.

இந்த இடத்தில் அப்பாவின் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடப்பட்ட ஒரு போட்டோப்பிரதிக் கடையிலிருந்து அவர் ஒரு லமினேற் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறார். தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரு பக்கத்தால் விட்டால் மறுபக்கத்தால் சூடாக, பளபளப்பாக, ஒட்டிப்போய் வரும். எங்கள் தேவாலயப் பங்கில் அதைத் தேடி வராதவர்கள் குறைவு. நவநாள் செபம், முதல்நன்மைச் சான்றிதழ், நிரந்தர வதிவிடக் கடிதத்தின் பிரதி, பிள்ளையின் தடுப்பூசி அட்டை. "அண்ணை, இதையொருக்காப் போட்டுத் தாங்கோ" என்று பூசை முடிந்த கையோடு நீட்டுவார்கள். அப்பா காசு வாங்குவதில்லை. மூலைகளை வட்டமாக வெட்டி, துணியால் துடைத்துத்தான் கொடுப்பார். எங்கள் வீட்டில் எங்கள் எல்லோருடைய சான்றிதழ்களும் பிளாஸ்டிக்குக்குள்தான். வேறு எந்த ஊர்க்காரர் வீட்டிலும் இப்படி நான் கண்டதில்லை.

காரணம் எனக்குத் தெரியும், அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது கடல்நீரேரியைப் படகில் கடந்தார்கள். பத்திரங்களைச் சொப்பிங் பையில் சுற்றிச் சேர்ட்டுக்குள் வைத்திருந்தாராம். தண்ணீர் புகுந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் மை கரைந்தது. அதற்குப் பிறகு போன அலுவலகங்களில் எல்லாம் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, இவர் முகத்தைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமைக்கு முதல் வாரம், கூரையில் உருகிய பனி என் அறைச் சுவரில் வழிந்தது. நான் மருந்துக்கடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து வெளிப்படிக்கட்டில் ஏறும்போதே அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச வா பிள்ளை, ஒரு சாமான் காட்டுறன்."

சாப்பாட்டு மேசையில், பத்திரிகை விரித்து, அதன்மேல் கையேடு இருந்தது. கையேடு என்று சொல்வதா? துருப்பிடித்த கம்பிகளைப் பிடுங்கி, தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து, உதிரும் ஓரங்களை நேராக நறுக்கி, ஒவ்வொன்றையும் லமினேற் பண்ணி, பக்கவாட்டில் துளையிட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் கோத்திருந்தார். மூலைகள் வட்டமாக இருந்தன.

"உன்ர பெட்டிக்கு மேல தண்ணி சொட்டிக்கொண்டு கிடந்தது. மற்றதெல்லாத்தையும் தூக்கி எங்கட அறைக்குள்ள வைச்சிட்டன். இதுதான் அந்த மனிசிக்குக் குடுக்கிறதெண்டு சொன்னனீ. தொட்டா உதிருது பிள்ளை, இதை எப்பிடிக் கொண்டுபோய்க் குடுக்கிறது? வெக்கமெல்லே. இப்ப பார், கடலுக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாது."

அம்மா அடுப்படியில் நின்று சொன்னா: "நான் கொஞ்சம் அசையாமல் இருந்தா என்னையும் உதுக்குள்ள விட்டு எடுத்துப்போடுவார்."

நான் கையேட்டைத் தூக்கினேன். பாரமாக இருந்தது. பழைய தாளுக்கு ஒரு வாசம் உண்டு, நனைந்த மரமும் வனிலாவும் கலந்ததுபோல. மூக்கருகில் கொண்டுபோனேன். புதுச் செருப்புக் கடை வாசம். ஒட்டுப் பசை சூட்டில் உருகித் தாளுக்குள் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். இனி இதை எந்தச் சேகரிப்பாளரும் கையால் தொடமாட்டார் என்பதும் தெரியும். கத்த வேண்டும், அழ வேண்டும், ஏதாவது ஒன்று. உள்ளே தட்டிப் பார்த்தேன். ஆரும் திறக்கவில்லை.

"நல்லாயிருக்கு அப்பா," என்றேன்.

அவர் துணியை எடுத்து மேலட்டையை இன்னொருமுறை துடைத்தார்.

சனிக்கிழமை தானே கொண்டுபோய் விடுவதாக அப்பா சொன்னார். பெட்டிகளைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவாய் என்று கேட்டார். நியாயம்தான். பின்னிருக்கையை மடித்து, போர்வை விரித்து, காரைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தார். வழியெல்லாம் அந்த மனிசி தேநீர் தருமா கோப்பி தருமா என்று யோசித்துக்கொண்டு வந்தார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று நெடுஞ்சாலையில் ஒருமுறை வாயைத் திறந்தேன். "ஹீற்றரைக் கொஞ்சம் குறையுங்கோ" என்றுதான் வந்தது.

கர்க்லாண்ட் வீட்டில் பாதிச் சாமான்கள் ஏற்கெனவே போய்விட்டன. சுவரில் படங்கள் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. பெட்டிகள் வரவேற்பறையில் அடுக்கி இருந்தன. மேசையில் சுத்தமான வெள்ளைத் துணி ஒன்று விரித்திருந்தது. அந்தப் பெண்மணி எங்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பழைய தாளைத் தொடுவதற்கு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கை வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறார்.

அப்பா என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்: "ஏன் பாவம் கை கழுவினவ? நனைஞ்சாலும் பிரச்சினையில்லையெண்டு சொல்லு."

நான் கையேட்டைத் துணிமேல் வைத்தேன்.

அந்தப் பெண்மணி அதைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். நான் குழுப்பாட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சுட்டுவிரலைக் கடைசி வரியில் வைத்தார். விரல் வழுக்கியது. திரும்ப வைத்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கிறது," என்றார்.

"நான் செய்தது," என்று அப்பா ஆங்கிலத்தில் முன்வந்தார். தனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு, கையால் படகு காட்டி, தண்ணீர் காட்டி, கரைந்த மையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண்மணி குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். ஒரு தரம் தலையைக்கூட ஆட்டினார். பிறகு கையேட்டை மூடினார்.

"நீங்கள் நல்ல மனதோடு செய்திருக்கிறீர்கள். ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன். அம்மா பிடித்திருந்த மாதிரித் தாளைத்தான் நான் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். பெயரை மட்டும் பார்ப்பதென்றால் நீங்கள் படமெடுத்து அனுப்பியிருக்கலாமே."

அவர் அதை என்னிடம் திருப்பித் தந்தார். கோபம் இல்லை. மருந்துக்கடையில் பிழையான அளவு முழங்கால் பட்டியைத் திருப்பித் தருபவர்கள் இப்படித்தான் தருவார்கள். வீடு கைமாறும் வரை, அதாவது யூன் முடியும் வரை, பெட்டிகள் இங்கேயே இருக்கும் என்றார். இதைத் திறக்க வழியிருந்தால் திறந்துகொண்டு வரச் சொன்னார். இல்லாவிட்டால் பெட்டிகள் தேவாலய விற்பனைக்குப் பிரிந்து போகும். தனக்கு அவற்றைப் பார்க்கப் பார்க்க அந்தரமாக இருக்கிறது என்றார்.

எழும்புவதற்கு முன் ஒரு பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டேன். மேலே இருந்த புத்தகத்தை எடுத்தேன். விலையில்லாத உள்மடிப்பு, பின்னட்டையில் அந்தப் பள்ளம். உள்ளே அட்டை, புள்ளடி போடாமல். அடுத்த புத்தகத்திலும் அட்டை. அடுத்ததிலும்.

"ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லையா?" என்று கேட்டேன். "மறந்துவிடுவாரா?"

"மறப்பதா?" அன்றைக்கு முதன்முறையாக அவர் சிரித்தார். "பார்சல் வரும் வாரம் முழுவதும் முன்கதவை விட்டு அசையமாட்டார். எங்களுக்குச் சாப்பாடே பிந்தும்."

புத்தகத்தைத் திரும்ப வைத்தேன். இத்தனை மாதமும் நான் அந்த அலுமாரியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது முழுக்கப் பிழை. அது பேசாமல் இருந்தவரின் அலுமாரி இல்லை. காத்திருந்தவரின் அலுமாரி.

திரும்பி வரும்போது பின்னால் விரித்த போர்வை வெறுமையாகக் கிடந்தது. நெடுஞ்சாலை ஏறியதும் அப்பா கேட்டார்.

"பிள்ளை, நான் அதைப் பழுதாக்கிப்போட்டனோ?"

"ஓம்."

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"அண்டைக்கு நல்லாயிருக்கு எண்டெல்லோ சொன்னனீ."

"சொன்னனான்."

"எனக்கு ஏசியிருக்கலாமே. நான் உன்ர பென்சில் பெட்டிக்கு மேல இருந்ததுக்கு, ஒருக்கா, சின்னனில, மூண்டு நாள் என்னோட கதைக்காமல் திரிஞ்சனீ." அவர் சிக்னல் போட்டார், பாதை மாறினார், சிக்னல் நிற்கும்வரை காத்திருந்தார். "இப்ப கொஞ்ச நாளா உனக்குக் கோவமே வருகுதில்லை. நானும் அம்மாவும் கதைக்கிறனாங்கள். படிப்பு விட்டது பெரிய விசயமில்லை பிள்ளை. கோவம் வராதது எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் மடியில் இருந்த கையேட்டின் வட்டமான மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அஹுன்ட்சிக் பக்கம் நெரிசல். முன்னால் போன காரின் சிவப்பு விளக்கு பிளாஸ்டிக்கில் விழுந்து விழுந்து அணைந்தது.

அந்தக் கிழமை முழுவதும் படித்தேன். ஏதோ ஒன்றைப் பதற்றத்தோடு படித்து நெடுநாள் ஆகியிருந்தது. பழந்தாள் பழுதுபார்க்கும் ஒருவருக்கு எழுதினேன், அவர் தன்னால் வாக்குத் தரமுடியாது என்று பதில் போட்டார். ஆனால் வழி சொன்னார். ஒட்டிய ஓரத்தை வெட்டித் திறக்க வேண்டும். இலேசாகச் சூடு காட்ட வேண்டும், பசை இளகும்வரை மட்டும். பிறகு தாளை அசையாமல் படுக்க வைத்துப் பிளாஸ்டிக்கை மட்டும், கிட்டத்தட்டப் பின்பக்கமாக மடித்து, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தாளின் மேல்தோல் எழுத்தோடு உரிந்துவரும். எதற்கும், முதலில் தேவையில்லாத ஒன்றில் பழகிப் பாருங்கள் என்று முடித்திருந்தார்.

இதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினேன். அப்பா எழும்பிப் போய் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். மிஞ்சிய நவநாள் அட்டைகள், போன வருடத்துப் பங்கு விருந்தின் அறிவித்தல், பழைய பஸ் நேரசூசி.

"இதுகளெல்லாம் புதுப் பேப்பர் அப்பா. தடிப்பு. அந்தக் கையேடு பழசு, மெல்லிசு. இதில பழகினா அது வராது."

அவர் கட்டை மேசையில் வைத்தார். திரும்ப உள்ளே போனார். இந்தமுறை வரும்போது கையில், பிளாஸ்டிக்குக்குள், ஒரே ஒரு தாள். மஞ்சள் நிறம், நடுவில் தண்ணீர் நின்ற பழுப்பு வளையம், ஊதா மை பூத்துப் பரந்திருக்கும் எழுத்துகள்.

"இது சரிவருமோ?"

"அப்பா, இது உங்கட பேர்த் சேட்டிபிக்கற்."

"புதுசு எடுத்தாச்சுத்தானே. இனி ஆர் இதைக் கேக்கப்போகினம்?"

அம்மா கோப்பையைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தா. பகிடி ஒன்றும் வரவில்லை.

"கிழிஞ்சா?" என்று கேட்டேன்.

"கிழிஞ்சா நீ என்னை ஏசாத," என்றார். பிறகு, "இல்லை, ஏசு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அல்லது சிரிப்பு வருகிற இடத்தில் எதுவோ இலேசாகக் குத்தியது.

தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சவரக்கத்தி அலகு, அம்மாவின் முடி உலர்த்தி, சாமணம், அடியில் வைக்க ஒரு கண்ணாடித் துண்டு. நாளைக் காலை, அம்மா கார்டறிக்குப் போனபின், சாப்பாட்டு மேசையில் தொடங்குவேன். முதலில் விருந்து அறிவித்தல், சூட்டின் அளவு பிடிபடுவதற்கு. அதன்பிறகு அப்பாவின் தாள். இடப்பக்க மேல்மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு எழுத்தில்லாத இடம் இருக்கிறது, தண்ணீரும் அங்கே போகவில்லை. அந்த மூலையைத் திறந்து பார்க்கப்போகிறேன். அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டார், தாளை அசையாமல் பிடிப்பதற்கு.